கச்சா எண்ணெய் இறங்கினாலும் பெட்ரோல் பங்கில் விலை ஏன் இறங்குவதில்லை?

2014 மே மாதம் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 71 ரூபாய் 41 காசு. அப்போது இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 106 டாலர் சுற்றி இருந்தது. ஆறு வருஷம் கழித்து, 2020 மே மாதம், அதே டெல்லியில் ஒரு லிட்டர் 71 ரூபாய் 26 காசு. ஆனால் அந்த மாதம் கச்சா எண்ணெய் 30 டாலர் அளவில்தான் இருந்தது. மூலப்பொருளின் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது, வண்டிக்காரர் பங்கில் கொடுத்த காசில் வித்தியாசம் வெறும் 15 பைசா.

பெட்ரோல் விலை பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். விலை ஏன் ஏறுகிறது என்பது ஒரு கேள்வி, ஏறிய விலை ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் வெளிநாட்டுச் சந்தையில் இருக்கிறது, இரண்டாவதுக்குப் பதில் பெரும்பாலும் நம் அரசுகளின் வரிக் கணக்கில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

பீப்பாயிலிருந்து லிட்டருக்கு

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க டாலரில் விலை, நாம் கொடுப்பது ரூபாய். ஆகவே பீப்பாய் விலையை டாலர் மதிப்பால் பெருக்கி 159 ஆல் வகுத்தால், ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் நம் கைக்கு எவ்வளவுக்கு வருகிறது என்று கிடைக்கும். 2024 மார்ச்சில் பீப்பாய் சுமார் 84 டாலர், ஒரு டாலர் 83 ரூபாய். கணக்குப் போட்டால் லிட்டருக்குச் சுமார் 44 ரூபாய்.

இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி செய்தி புரிந்துவிடும். பீப்பாய்க்கு 1 டாலர் ஏறினால் லிட்டருக்குச் சுமார் 50 பைசா கூடும். அதே நேரம், கச்சா விலை அசையாமல் இருந்து டாலருக்கு எதிராக ரூபாய் மட்டும் 1 ரூபாய் சரிந்தாலும், லிட்டருக்கு ஏறக்குறைய அதே 50 பைசா கூடும். செய்திகளில் கச்சா எண்ணெய்தான் பெரிதாக வரும், ரூபாய் சரிவு பங்குச் சந்தைப் பக்கத்தோடு நின்றுவிடும், ஆனால் நம் பாக்கெட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். 2014இல் டாலர் 60 ரூபாய்க்குப் பக்கம் இருந்தது, 2025 தொடக்கத்தில் 85ஐத் தாண்டிவிட்டது. தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம், "கச்சா எண்ணெய் விலை" என்று ஒரே விலை கிடையாது. வட கடல் எண்ணெயை வைத்து பிரெண்ட் விலை, அமெரிக்காவில் டபிள்யூடிஐ, வளைகுடா எண்ணெய்க்கு துபாய், ஓமன் விலைகள். கந்தகம் குறைவாக, லேசாக இருக்கும் எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எடுப்பது சுலபம், அதனால் வழக்கமாக விலை கூடுதல். கந்தகம் அதிகமுள்ள கனமான எண்ணெய் மலிவு, ஆனால் அதைச் சுத்திகரிக்க அதற்கென்று கட்டிய ஆலை வேண்டும். நம் நாடு இரண்டு வகையும் வாங்குவதால், பிரெண்ட் விலையையும் துபாய், ஓமன் சராசரியையும் ஒரு விகிதத்தில் கலந்து "இந்தியக் கூடை" என்று தனியாக ஒரு விலை கணக்கிடுகிறார்கள். நம் ஊர் பெட்ரோலைப் பற்றிப் பேசும்போது பார்க்க வேண்டியது அந்தக் கூடையின் விலையைத்தான்.

ஒரு லிட்டரைப் பிரித்துப் பார்த்தால்

2024 மார்ச் மத்தியில் 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு அளவுக்கு வந்தது. அதைத் தோராயமாகப் பிரித்தால் இப்படி வரும்:

1. கச்சா எண்ணெய்: சுமார் 44 ரூபாய்.

2. சுத்திகரிப்பு, கப்பல் கூலி, கொண்டுவந்து சேர்க்கும் செலவு, எண்ணெய் நிறுவனத்தின் லாபம் எல்லாம் சேர்ந்து: சுமார் 11 ரூபாய்.

3. பங்க் நடத்துபவருக்கான டீலர் கமிஷன்: 4 ரூபாய்க்குப் பக்கம்.

4. மத்திய அரசின் கலால் வரி: அப்போது 19 ரூபாய் 90 காசு.

5. தமிழ்நாடு அரசின் வாட் வரி: 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இரண்டும் சேர்ந்து சுமார் 22 ரூபாய்.

இந்தப் பட்டியலில் இரண்டாவது இனத்தைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோலுக்கு விலை வைக்கும்போது "கச்சாவை இவ்வளவுக்கு வாங்கினோம், இவ்வளவு செலவானது" என்று கூட்டிப் பார்த்து வைப்பதில்லை. சர்வதேசச் சந்தையில் பெட்ரோல் என்ன விலைக்குப் போகிறதோ, அதை இறக்குமதி செய்தால் எவ்வளவு ஆகும், ஏற்றுமதி செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதை 80க்கு 20 என்ற விகிதத்தில் கலந்துதான் ஆலை வாசல் விலைக்கு அடிப்படை எடுக்கிறார்கள். அதனால் கச்சா எண்ணெய் சும்மா இருந்தாலும் உலகில் சுத்திகரிப்பு ஆலைகள் போதாமல் பெட்ரோல், டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். 2022 நடுவில் டீசலுக்கு அதுதான் நடந்தது. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் நம் மண்ணிலிருந்தே எண்ணெய் எடுக்கிறார்களே, அது மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. உள்நாட்டு எண்ணெயையும் சர்வதேச விலையை ஒட்டித்தான் விற்கிறார்கள்.

மேலே உள்ள பட்டியலில் இன்னொன்றும் தெரிகிறது. கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, சதவீதம் இல்லை. தமிழ்நாட்டு வாட்டிலும் பாதிக்கு மேல் நிலையான தொகைதான். ஆகவே கச்சா எண்ணெய் 10 சதவீதம் இறங்கியது என்று செய்தி வந்தால், அதை முழுதாக நமக்குக் கொடுத்தாலும் பங்கில் 5 சதவீதம்தான் குறையும், 10 சதவீதம் குறையாது.

உலகச் சந்தையில் விலை எப்படி ஆடுகிறது

உலகம் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எண்ணெய் எரிக்கிறது. இதில் ஒரு விசேஷம் உண்டு. தக்காளி கிலோ 100 ரூபாய் ஆனால் ரசத்தில் புளியைக் கூட்டிச் சமாளிக்கலாம், பெட்ரோல் ஏறியது என்பதற்காக நாளைக் காலையே வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, லாரி ஓடாமல் நிற்க முடியாது. உற்பத்தி பக்கமும் அப்படித்தான், விலை ஏறியது என்று புதுக் கிணறு தோண்டி எண்ணெய் எடுக்க வருஷக்கணக்கில் ஆகும். வாங்குபவரும் சட்டென்று மாற முடியாது, விற்பவரும் சட்டென்று மாற முடியாது. அதனால்தான் வரத்தில் 2 சதவீதம் குறைந்தால் விலை 2 சதவீதம் ஏறுவதோடு நிற்பதில்லை, 20, 30 சதவீதம் என்று தாவுகிறது. இறங்கும்போதும் அதே வேகம்தான்: 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட எண்ணெய் அதே டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே கிடந்தது.

விலையை அசைப்பவர்களில் முதலில் வருவது ஓபெக், எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமைப்பு. 1960 செப்டம்பரில் பாக்தாதில் ஈரான், ஈராக், குவைத், சவுதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் கூடி ஆரம்பித்தது. 2016இலிருந்து ரஷ்யாவும் வேறு சில நாடுகளும் இவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதால் அதை ஓபெக் பிளஸ் என்கிறார்கள். எவ்வளவு எடுப்பது என்று பேசிவைத்துக்கொண்டு குறைப்பார்கள் அல்லது கூட்டுவார்கள். இவர்களில் சவுதிதான் முக்கியம், ஏனென்றால் குழாயைத் திறந்தால் சில வாரங்களில் கூடுதல் எண்ணெய் கொடுக்கும் அளவுக்கு உபரித் திறன் அவர்களிடம்தான் அதிகம்.

இவர்களுக்கு எதிர்ப் பக்கத்தில் அமெரிக்காவின் ஷேல் எண்ணெய். பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எண்ணெய் எடுக்கும் முறை. 2008இல் நாளைக்கு 50 லட்சம் பீப்பாய் எடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கா இப்போது 1 கோடியே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது, உலகிலேயே முதலிடம். 2014 நவம்பரில் வியன்னாவில் கூடிய ஓபெக், விலை சரிந்துகொண்டிருந்தும் உற்பத்தியைக் குறைக்க மறுத்ததற்கு ஒரு காரணம் இந்த ஷேல்காரர்கள். விலை விழுந்தால் செலவு கட்டுப்படியாகாமல் அவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற கணக்கு. 2016 ஜனவரியில் பிரெண்ட் 30 டாலருக்கும் கீழே போனது, அப்படியும் ஷேல் சாகவில்லை.

மூன்றாவது போரும் கடல் வழியும். ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவில் இருக்கும் ஹோர்முஸ் நீரிணை, குறுகிய இடத்தில் 35 கிலோமீட்டர்கூட இல்லை. 2024இல் அது வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் போனது, உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது அந்த வழியாகக் கப்பல் போக்குவரத்து நிற்கவில்லை, ஆனாலும் பிரெண்ட் 80 டாலரைத் தொட்டது, சண்டை நிறுத்தம் என்றதும் 70க்குக் கீழே விழுந்தது. எண்ணெய்ச் சந்தை இன்றைய தட்டுப்பாட்டுக்கு மட்டும் விலை வைப்பதில்லை, நாளைக்கு வரக்கூடும் என்ற பயத்துக்கும் சேர்த்து வைக்கிறது.

எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போன நாள்

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க டபிள்யூடிஐ எண்ணெய் மைனஸ் 37 டாலர் 63 சென்ட். எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு விற்பவர் காசு கொடுக்கும் நிலை. அன்றைக்கு நம் ஊரில் பலரும் கேட்ட கேள்வி, அப்படியானால் பெட்ரோலை இலவசமாகத் தர வேண்டாமா என்பது. நியாயமான கேள்வி, பதிலைப் புரிந்துகொள்ள முன்பேர ஒப்பந்தம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

முன்பேர ஒப்பந்தம் என்பது, இன்ன மாதம் இவ்வளவு எண்ணெயை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று இன்றே எழுதிக்கொள்வது. இதை வாங்குபவர்களில் நிறைய பேருக்கு எண்ணெயே வேண்டாம், தேதி வருவதற்குள் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு விற்று லாபம் பார்ப்பவர்கள். மே மாத ஒப்பந்தம் முடிய ஒரே நாள் இருந்தது. கையில் ஒப்பந்தம் இருப்பவர் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் போய் எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டும். கொரோனாவால் யாரும் எண்ணெய் எரிக்கவில்லை, குஷிங்கில் இருந்த தொட்டிகளை எல்லாம் ஏற்கெனவே ஆட்கள் பிடித்துவைத்துவிட்டார்கள். வைக்க இடம் இல்லாதவர்கள் காசு கொடுத்தாவது தள்ளிவிடப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அது ஒரு ஊரில், ஒரு மாத ஒப்பந்தத்துக்கு, ஒரே ஒரு நாள் நடந்த நெரிசல். அதே நாளில் பிரெண்ட் 25 டாலர் அளவில் இருந்தது.

ஆனால் இந்தியாவுக்கு 2020 ஏப்ரல், மே இரண்டு மாதமும் உண்மையிலேயே நல்ல காலம். விசாகப்பட்டினம், மங்களூரு, பாடூர் ஆகிய மூன்று இடங்களில் நிலத்தடிப் பாறைக் குகைகளில் 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதைச் சராசரியாக 19 டாலர் விலையில் நிரப்பிக்கொண்டார்கள். செய்ய வேண்டிய வேலையைச் சரியான நேரத்தில் செய்தார்கள், இதைப் பாராட்டத்தான் வேண்டும். மக்களுக்கு ஏன் விலை குறையவில்லை என்பதுதான் பாக்கி.

"விலையை நாங்கள் வைப்பதில்லை"

ஒரு காலத்தில் பெட்ரோல் விலையை அரசே வைத்தது, நஷ்டத்தை எண்ணெய் நிறுவனங்களுக்கு ஈடுகட்டியது. ரொக்கமாகக் கொடுக்க முடியாமல் 2005 முதல் 2010 வரை பத்திரமாக எழுதிக் கொடுத்ததுதான் "எண்ணெய்ப் பத்திரம்", அந்தக் கடனைப் பின்னால் வந்த ஆட்சிகள் வட்டியோடு கட்டின. 2010 ஜூனில் மன்மோகன் சிங் அரசு பெட்ரோல் விலையைச் சந்தையிடம் விட்டது, 2014 அக்டோபரில் மோடி அரசு டீசலையும் விட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்குப் புது விலை என்று முறை வந்தது.

தினமும் மாற வேண்டிய விலை நடைமுறையில் எப்படி மாறியது என்று தேதிகளை வைத்துப் பாருங்கள்:

1. 2018இல் கர்நாடகத் தேர்தலுக்கு முன் 19 நாள் விலை அசையவில்லை, ஓட்டுப்போட்டு முடிந்ததும் ஏற ஆரம்பித்தது.

2. 2021இல் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் என்று தேர்தல் நடந்த பிப்ரவரிக் கடைசி முதல் மே தொடக்கம் வரை ஏற்றமே இல்லை, நடுவில் சில பைசா குறைந்தது. மே 2 வாக்கு எண்ணிக்கை, மே 4 முதல் ஏற்றம். ஜூலையில் சென்னையில் 100 ரூபாயைத் தாண்டியது.

3. 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 22 வரை நாலரை மாதம் ஒரே விலை. இடையில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து கச்சா எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது, அப்போதும் அசைவில்லை. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநில முடிவுகள் மார்ச் 10 அன்று வந்தன. மார்ச் 22 தொடங்கி 16 நாளில் 14 முறை ஏற்றி, சென்னையில் 101 ரூபாய் 40 காசிலிருந்து 110 ரூபாய் 85 காசுக்குக் கொண்டுபோனார்கள்.

நிறுவனங்கள்தான் விலையை முடிவு செய்கின்றன, அரசுக்குச் சம்பந்தம் இல்லை என்பது அதிகாரபூர்வமான பதில். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் அரசு நிறுவனங்கள், அவற்றின் பெரும்பாலான பங்குகள் அரசிடமோ இன்னொரு அரசு நிறுவனத்திடமோ இருக்கின்றன. இந்தத் தேதிகளைப் பார்த்த பிறகு அந்தப் பதிலை ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

ஏறும்போது சந்தை, இறங்கும்போது வரி

இப்போது 2014, 2020 கணக்குக்குத் திரும்பலாம். கச்சா எண்ணெய் 106 டாலரிலிருந்து இறங்க இறங்க, 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் நடுவில் பெட்ரோல் மீதான கலால் வரியை ஒன்பது முறை ஏற்றினார்கள். 9 ரூபாய் 48 காசாக இருந்தது 21 ரூபாய் 48 காசானது. பிறகு கொஞ்சம் குறைத்து, திரும்ப ஏற்றி, 2020 மார்ச்சில் 3 ரூபாய், மே மாதத்தில் ஒரே இரவில் 10 ரூபாய். மொத்தம் 32 ரூபாய் 98 காசு. டெல்லி மாநில அரசும் அதே வாரம் வாட்டை 27 சதவீதத்திலிருந்து 30 ஆக்கியது. கச்சாவில் இறங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பதிலாக ஒரு வரி ரூபாய் வந்து உட்கார்ந்துகொண்டது. பங்கில் விலைப் பலகை மாறாததால் பலருக்கு வரி ஏறியதே தெரியவில்லை.

விளைவு, 2019-20இல் பெட்ரோலியப் பொருள்கள் மூலம் 2 லட்சத்து 23 ஆயிரம் கோடி ரூபாயாக இருந்த மத்தியக் கலால் வருவாய், ஊரடங்கால் வண்டிகள் ஓடாத 2020-21இல் 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி ரூபாய் ஆனது. வேலை இழந்து வருமானம் போன வருஷத்தில் இந்த வரியைக் கட்டியவர்களில் பால்காரரும் ஆட்டோக்காரரும் இருந்தார்கள். கொரோனாச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் காரில் போகும் தொழிலதிபரும் பழைய மொபெட்டில் காய்கறி விற்பவரும் லிட்டருக்கு ஒரே வரி கட்டும் முறையில் அந்தப் பணத்தைத் திரட்டியது சரியில்லை என்பதுதான் என் எண்ணம்.

பிறகு குறைத்தார்கள். 2021 தீபாவளிக்கு 5 ரூபாய், 2022 மே மாதம் 8 ரூபாய். தமிழ்நாடு அரசும் 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது, வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேரவையில் சொன்னார். 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சரிந்தபோது மறுபடியும் பழைய கதை: கலால் வரி 2 ரூபாய் ஏறியது, பங்கில் விலை மாறவில்லை.

மலிவான ரஷ்ய எண்ணெய் எங்கே போனது?

2022க்கு முன் இந்தியா வாங்கிய எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். மேற்கு நாடுகள் ஒதுக்கியதும் ரஷ்யா தள்ளுபடியில் விற்றது, 2023-24இல் நம் இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்துதான். பங்கில் ஏன் தெரியவில்லை? முன்பே பார்த்தபடி, பெட்ரோல் விலைக்கு அடிப்படை சர்வதேசப் பெட்ரோல் விலை, வாங்கிய கச்சாவின் விலை இல்லை. தள்ளுபடி ஆலைக்காரரின் லாபத்தில் போய்ச் சேரும். 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை விலையை ஏற்றவிடாமல் பிடித்துவைத்ததால் மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து 18,480 கோடி ரூபாய் நஷ்டப்பட்டது உண்மை. அதை ஈடுகட்டிக்கொள்ளட்டும் என்று விட்டதிலும் தவறில்லை. ஆனால் 2023-24இல் அதே மூன்று நிறுவனங்களின் லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய், மக்களுக்குக் கிடைத்தது அந்த வருஷக் கடைசியில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன் 2 ரூபாய்.

செஸ் என்ற சிறு எழுத்து

மத்திய அரசும் மாநில அரசும் "நீ குறை" என்று மாறி மாறிச் சொல்வதைக் கேட்கிறோம். மேலே பார்த்த 2024 கணக்கின் 19 ரூபாய் 90 காசு கலால் வரியில் அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசுதான். மற்றவை சிறப்புக் கூடுதல் வரி, சாலை செஸ், வேளாண் செஸ் (செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி). நிதிக்குழுப் பரிந்துரைப்படி மாநிலங்களுக்குப் போகும் 41 சதவீதம் அந்த 1 ரூபாய் 40 காசில் மட்டும்தான், அதாவது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து லிட்டருக்கு 57 பைசா. 2025 ஏப்ரலில் ஏற்றிய 2 ரூபாயும் சிறப்பு வரியில்தான் ஏற்றப்பட்டது. மாநிலங்கள் வாட்டை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால்?

சட்டத்தில் தடை இல்லை. என்றைக்கு முதல் என்று ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தால் போதும். கேரள உயர் நீதிமன்றம் கேட்டதால் 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய கவுன்சில் இதை எடுத்துப் பேசியது, இப்போதைக்கு வேண்டாம் என்று முடித்தது.

ஏன் என்பதற்கு மேலே போட்ட சென்னைக் கணக்கே போதும். வரி இல்லாமல் லிட்டர் 59 ரூபாய். ஜிஎஸ்டியில் இப்போதுள்ள உச்ச வீதமான 40 சதவீதத்தைப் போட்டால்கூட 82, 83 ரூபாய்க்குப் பெட்ரோல் கிடைக்கும். வரி 42 ரூபாயிலிருந்து 24க்கு இறங்கும், அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தால் மத்திய அரசுக்கு 20 ரூபாய் இருந்த இடத்தில் 12, தமிழ்நாட்டுக்கு 22 இருந்த இடத்தில் 12. லிட்டருக்கு 18 ரூபாய் வருமானத்தை விட வேண்டும், அதற்கு மத்திய அரசும் தயாராக இல்லை, எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் தயாராக இல்லை.